கைமாத்து, ஜாமீன், நகை: உறவுக்குள் கொடுக்கல் வாங்கல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கடன் அன்பை முறிக்கும்" என்று மளிகைக் கடைகளில் எழுதி மாட்டியிருப்பார்கள். வீடுகளுக்குள் பார்த்தால், பேசாமல் கொடுத்த கடன்தான் அதிகம் முறிக்கிறது. எவ்வளவு, எப்போது, யார் பொறுப்பு என்று வாய்திறந்து சொல்லாததால் பத்து வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் ஏராளம். தன் நலனை விட்டுக்கொடுக்காமல், நாணயமும் தவறாமல் உறவோடு எப்படி நடந்துகொள்வது என்பதுதான் இங்கே பேச்சு. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறோம். சட்ட விவரங்கள் இந்தியாவுக்கு உரியவை. தொகை பெரிது என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

1. நம்ம நலனை முதல்ல பாத்துக்கணும்னு சொல்றீங்க. அது சுயநலம் இல்லையா?

சுயநலக்காரன் என்று ஊர் யாரைச் சொல்கிறது? அடுத்தவன் பங்கை எடுத்துக்கொள்கிறவனை, வாங்கிவிட்டுத் தராதவனை, தேவைக்கு மட்டும் வருகிறவனை. தன் வீட்டு அரிசிப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு உலை வைக்கிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாம் பேசுவது இந்த இரண்டாவது ஆளைப் பற்றி. "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்பதற்கும் இதுதான் பொருள். கொடுக்கிறவர் நிலைகுலைந்து போனால் அடுத்த முறை கொடுக்க ஆள் இருக்காது.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் ஒன்றைச் செய்வதற்கோ மறுப்பதற்கோ உள்ள உண்மையான காரணத்தை, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், அதுக்குமேல என்னால முடியாது" என்று சொல்லலாம். "நீ கஷ்டத்துல இருக்கே, அதனால உன் நிலத்தைப் பாதி விலைக்கு வாங்கிக்கிறேன்" என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாத காரணம் வரும் இடத்தில்தான் சுயநலம் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று. உங்களுக்குப் பிரியமானவர்களின் நன்மை உங்கள் நலனுக்கு வெளியே இல்லை. தங்கை நன்றாக இருந்தால் உங்களுக்கு நிம்மதி. அவளுக்குச் செய்வதைத் தியாகம் என்று நினைக்க ஆரம்பித்தால், அவள் நன்றி சொல்லவில்லை என்ற குறையும் அன்றே ஆரம்பித்துவிடும்.

2. இதுக்கெல்லாம் என்ன குணம் வேணும்னு சொல்ல வர்றீங்க?

முதலில் நாணயம். காசுக்கும் சொல் தவறாமைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்! அடுத்தது நியாயம். அவரவர் நடந்துகொண்ட விதத்துக்கு ஏற்ப அவரவரை நடத்துவது. சொன்ன தேதிக்குத் தந்த சித்தப்பாவையும், போனை எடுக்காத மாமாவையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. மூன்றாவது சொந்தப் புத்தி. "எல்லாரும் போட்டாங்க, நீயும் போடு" என்பதற்காகக் கையெழுத்துப் போடாமல் இருப்பது. நான்காவது தன்மானம். பிறர் நல்லவன் என்று சொல்லவேண்டும் என்பதற்காகத் தன்னை அடகு வைக்காதது. இவை நான்கும் கீழே ஒவ்வொரு பதிலிலும் வரும்.

3. ஒருத்தர் பணம் கேட்டா, கொடுக்கலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது?

யாரும் கேட்பதற்கு முன்பே உங்கள் தொகை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்ட பிறகு கணக்குப் போட்டால் அவர் முகம்தான் கண் முன்னால் நிற்கும். கணக்கு இப்படி: சேமிப்பில் 1,60,000 ரூபாய் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 28,000, தவணை 9,000, ஆக 37,000. மூன்று மாதத்துக்கான 1,11,000-ஐத் தொடக்கூடாது. ஜூனில் ஸ்கூல் பீஸ் 35,000. மீதி 14,000. நண்பர் 50,000 கேட்டாலும் 5 லட்சம் கேட்டாலும் உங்கள் தொகை 14,000-தான். அவருடைய தேவை பெரிதானதால் உங்கள் கையிருப்பு பெரிதாகிவிடாது.

அந்த 14,000-லும் ஒரு கேள்வி பாக்கி: இது திரும்பி வராமலே போனால், இவரைப் பழையபடி வாய்நிறைய "வாங்க" என்று கூப்பிட முடியுமா? 14,000 போனால் முடியாது, 8,000 போனால் முடியும் என்று மனசு சொன்னால் 8,000 கொடுங்கள்.

பிறகு கேட்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எதற்கு, எப்போது திருப்புவீர்கள், எந்த வரவிலிருந்து திருப்புவீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். "சீட்டு எடுத்துத் தர்றேன்", "நெல்லு போட்டுத் தர்றேன்", "போனஸ் வந்ததும்" என்றால் அது ஒரு வழி. "எப்படியாவது தந்துடறேன்" என்றால் வழி இன்னும் இல்லை என்று பொருள். அவர் கெட்டவர் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. அவரே இன்னும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பதே சில நேரம் பணத்தைவிடப் பெரிய உதவி.

4. கேட்ட உடனே பதில் சொல்லியாகணுமா?

வேண்டாம். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். ஆறு மணிக்கு நீங்களே போன் போடுங்கள். பதில் "முடியாது" என்றாலும் போட வேண்டும். நழுவினால் அவருக்கு ஒரு நாள் வீணாகும், வேறு இடத்தில் கேட்டிருப்பார். மறுத்ததைவிட இழுத்தடித்ததைத்தான் பலர் மறப்பதில்லை.

ஆஸ்பத்திரி அவசரம் என்றால் ஒரு நாள் காத்திருக்க முடியாது. அப்போதும் தொகை உங்கள் எல்லைக்குள் இருக்கட்டும். பணத்தை நேரடியாக ஆஸ்பத்திரி கவுண்டரிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

5. "இல்லை"ன்னு எப்படிச் சொல்றது? சொன்னா கோவிச்சுக்குவாங்களே.

சுருக்கமாக, மரியாதையோடு, காரணங்களை அடுக்காமல். ஐந்து காரணம் சொன்னால் ஐந்துக்கும் பதில் வரும். "பீஸை அடுத்த மாசம் கட்டிக்கலாமே", "நகையை வைக்கலாமே" என்று பேரம் ஆரம்பிக்கும். பெரியவர் என்றால்: "மாமா, என்னால இப்ப அவ்வளவு முடியாது. எட்டாயிரம் தர முடியும், அது போதும்னா இன்னைக்கே அனுப்புறேன்." நண்பன் என்றால்: "டேய், நான் கடன் கொடுக்கிறதில்லைன்னு வெச்சிருக்கேன். உனக்கு மட்டும் இல்லை, யாருக்கும்தான். லோன் வாங்கணும்னா பேங்குக்குக் கூட வர்றேன்." இரண்டாவதைச் சொன்னால் உண்மையிலேயே யாருக்கும் கொடுக்காமலும் இருக்க வேண்டும்.

கோபம் வரத்தான் செய்யும். அது பெரும்பாலும் ஒரு வாரக் கோபம். அடுத்த விசேஷத்துக்கு நீங்கள் முதலில் போய் நில்லுங்கள், பந்தியில் பரிமாறுங்கள். மறுத்தது பணத்தைத்தான் என்று அவருக்குத் தெரியட்டும். ஒரு முறை மறுத்ததற்காக உறவையே அறுத்துக்கொள்கிறவர், கொடுத்திருந்தாலும் வசூலிக்கப் போன நாளில் அறுத்துக்கொண்டிருப்பார்.

6. "கையில காசே இல்லை"ன்னு ஒரு சின்னப் பொய் சொல்லிட்டா சுலபமா முடிஞ்சிடுமே?

அன்றைக்கு முடியும். அடுத்த மாதம் நீங்கள் வாங்கிய புது வண்டி வாட்ஸப் ஸ்டேட்டஸில் தெரியும்போது மறுபடி ஆரம்பிக்கும். அதைவிட, பொய் சொன்னவர் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்கு வருகிறார் என்றால் புதுப் பிரிட்ஜை நினைத்துப் பதறவேண்டும். "இருக்கு, ஆனா அது வேற செலவுக்கு ஒதுக்கினது" என்பது உண்மை. ஒரு தடவை சொன்னால் போதும்.

7. கடனாக் கொடுக்கிறதா, சும்மா உதவியாக் கொடுத்துடறதா?

இரண்டும் சரி. இரண்டுக்கும் நடுவில் கொடுப்பதுதான் கெடுதல். "முடிஞ்சப்ப குடு, பரவாயில்லை" என்று வாயால் சொல்லிவிட்டு, மனசுக்குள் ஆறு மாதம் என்று தேதி குறித்துக்கொள்வார்கள். வாங்கியவருக்கு அந்தத் தேதி தெரியாது. அவர் குற்றாலம் போன போட்டோவைப் பார்த்து இவருக்கு வயிறு எரியும். பணம் வட்டியில்லாமல் போயிருக்கும், மனசில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கொடுக்கும் போதே ஒன்றைச் சொல்லுங்கள். "இது கைமாத்து, தை பத்தாம் தேதி வேணும்" அல்லது "இது என்னால முடிஞ்சது, திரும்பத் தர வேண்டாம்". வேலை போனவர், நோயில் கிடப்பவர், வரவுக்கு வழியே இல்லாதவர் கேட்டால் சிறிய தொகையை இரண்டாவது வகையாகவே கொடுங்கள். திருப்ப வழியில்லாதவருக்குக் கடன் கொடுப்பது அவரை உங்கள் தெருவில் தலைகுனிந்து நடக்க வைப்பதில் முடியும்.

8. அண்ணன் தம்பிக்குள்ள எழுதி வாங்குறதா? நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?

கல்யாண மண்டப வாசலில் மொய் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவார்கள். தாய்மாமன் பெயரையும் எழுதுவார்கள். யாராவது கோபித்துக்கொண்டதுண்டா? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்தென்றே தனியாக வைத்து, வந்ததை எழுதி வைத்து, அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்கிறார்கள். எழுதுவதும் உறவும் நம் ஊரில் எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. எழுத்து மறதிக்கு மருந்து. கொடுத்தவர் இறந்துபோனாலும் வாங்கியவர் இறந்துபோனாலும், பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க அதுதான் துணை.

சிறிய தொகை என்றால் வாட்ஸப் செய்தி போதும்: "இன்று 12,000 அனுப்பியிருக்கேன், மார்ச் 10க்குத் தர்றேன்னு சொன்னே" என்று அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். பெரிய தொகை என்றால் புரோநோட்டு, அதாவது திருப்பித் தருவதாக வாங்குபவர் எழுதித் தரும் கடன் சீட்டு. அதில் தேதி, ஊர், இருவர் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும், தொகை எண்ணாலும் எழுத்தாலும், வட்டி உண்டா இல்லையா, "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்க்காவது" தருவதாக ஒரு வரி. வட்டி வேண்டாம் என்றால் "வட்டியின்றி" என்றே எழுதுங்கள். கீழே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்டாம்பின் மேலும் காகிதத்தின் மேலும் படும்படி கடன் வாங்குபவர் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. இரண்டு சாட்சிக் கையெழுத்து வழக்கம், நல்லதும்கூட.

20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கவோ திருப்பவோ கூடாது என்பது வருமான வரிச் சட்டம். உறவுக்குள் என்றாலும் பேங்க் வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். நம்பிக்கைக்கு விரோதமான காகிதம் என்றால் அதுதான்.

9. எழுதி வாங்கினது எத்தனை வருஷத்துக்குச் செல்லும்?

"வேண்டும்போது" என்று எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. நோட்டில் எழுதாமல் கொடுத்த கைமாத்துக்கும் பொதுவாக மூன்று வருஷம்தான். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓட வழி உண்டு. மூன்று வருஷம் முடிவதற்குள் அவர் ஆயிரம் ரூபாயாவது கட்டி, நோட்டின் பின்பக்கம் "இன்ன தேதியில் வரவு ரூ. 1,000" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். வரவு நீங்களே எழுதிக்கொண்டால் செல்லாது, அவர் கையெழுத்து வேண்டும். முடிந்துபோன பிறகு வரவு வைத்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.

கோர்ட்டுக்குப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. வருஷம் ஒரு தடவை நோட்டை எடுத்து இருவரும் பார்க்க ஒரு சாக்கு கிடைக்கிறது. "இன்னும் எவ்வளவு பாக்கி" என்பதில் இருவருக்கும் ஒரே எண் இருக்கும்.

10. ஜாமீன் கையெழுத்துதானே, காசா பணமா? போட்டா என்ன?

காசும் பணமும்தான். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதல்ல அவன்கிட்ட வசூல் பண்ணுங்க, கிடைக்கலைன்னா என்கிட்ட வாங்க" என்று சொல்லிப் பார்க்க முடியாது. பேங்க் நேரடியாக உங்களிடமே வரலாம். அவர் தவணை தவறினால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். நாளை உங்கள் வீட்டுக் கடன் மறுக்கப்படும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. ஆபீஸ் சொசைட்டிக் கடன்களில் ஜாமீன்தாரர் சம்பளத்திலும் பிடிக்க ஒப்புதல் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவைக்கிறார்கள்.

ஆகவே 3 லட்சத்துக்கு ஜாமீன் போடுவது 3 லட்சம் கடன் கொடுப்பதற்குச் சமம் என்று வைத்து, மூன்றாம் கேள்வியில் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். ஒரு வித்தியாசம்: கைமாத்தில் எவ்வளவு போகும் என்று தெரியும். இங்கே வட்டியும் அபராத வட்டியும் சேர்ந்து வளரும், நிறுத்தும் சாவி உங்கள் கையில் இல்லை. எல்லைக்குள் வந்தால் மட்டும் போடுங்கள். போடும்போது படிவத்தில் தொகை, தவணை, காலம் எல்லாம் நிரப்பியிருக்க வேண்டும். ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் கணக்கு விவரத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி அன்றைக்கே பேசிவிடுங்கள். "நான் உனக்குப் போடுறேன், நீ எனக்குப் போடு" என்பதும் இதே கணக்குத்தான், அதில் இரட்டிப்பு. மகளிர் குழுக் கடனில் உறுப்பினர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்து வாங்குவார்கள். குழுவில் யார் யார் என்று பார்க்காமல் சேரக்கூடாது.

11. ஏற்கெனவே போட்டுட்டேன். இப்ப வெளியே வர வழி இருக்கா?

கொடுத்து முடித்த கடனுக்கு உங்கள் இஷ்டத்துக்கு விலக முடியாது. பேங்க் ஒப்புக்கொண்டு, கடன் வாங்கியவர் வேறு ஜாமீன்தாரரையோ சொத்தையோ கொடுத்தால் மாற்றிக்கொள்வார்கள். தொடர்ந்து எடுத்து எடுத்துக் கட்டும் ஓவர்டிராப்ட் மாதிரிக் கணக்கு என்றால், இனிமேல் எடுப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். அதுவரை எடுத்ததற்குப் பொறுப்பு தொடரும். உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால் விடுபடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பேங்க் படிவங்களில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். நகலைப் படித்துப் பாருங்கள்.

நீங்கள் கட்டும்படி ஆகிவிட்டால் ஒவ்வொரு ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியதைக் கடன் வாங்கியவரிடம் கேட்டு வசூலிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முழுக் கடனையும் நீங்கள் அடைத்தால், அவர் பேங்கில் வைத்த ஈட்டின் மீது பேங்குக்கு இருந்த உரிமை உங்களுக்கு வரும்.

12. நாத்தனார் அடகு வைக்க என் நகையைக் கேக்குறாங்க. வீட்டுக்காரர் "குடுத்துடு"ங்கறார். என்ன செய்ய?

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சொத்து. முடிவு உங்களுடையது. கணவர் கருத்துச் சொல்லலாம், மாமியார் சொல்லலாம், கொடுப்பதும் மறுப்பதும் நீங்கள்.

கொடுப்பது என்று முடிவானால், நகையைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே போய் உங்கள் பெயரில் அடகு வைத்துப் பணத்தை நாத்தனார் கணக்குக்கு அனுப்புங்கள். அவர் பெயரில் வைத்தால் வட்டி பாக்கி, ஏல நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும், நகையை மீட்கும் உரிமையும் அவருக்குத்தான். உங்கள் சங்கிலி ஏலம் போனது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். உங்கள் பெயரில் இருந்தால் எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கு வரும். ஆனால் அவர் கட்டத் தவறினால் கட்டவேண்டியவர் நீங்கள், அதையும் மூன்றாம் கேள்விக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடகு ரசீதை நீங்கள் வைத்திருங்கள், வட்டியை மாதாமாதம் அவர் உங்களுக்கு அனுப்பட்டும்.

அடகுக்கு முன் நகையை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுங்கள். எடையைத் தராசில் பார்த்து "5 பவுன், 40 கிராம், 22 கேரட்" என்று எழுதிக்கொள்ளுங்கள். நகை போய்விட்டால் பணமாகத் தருவாரா பொன்னாகத் தருவாரா என்று முன்பே பேசுங்கள். "அன்னைக்கு விலைக்கு இவ்வளவுதான்" என்று மூன்று வருஷம் கழித்து நீட்டினால், விலை ஏறியிருந்தால் அந்தப் பணத்துக்கு அத்தனை பவுன் கிடைக்காது. புதிதாகச் செய்தால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. "கிராமுக்குக் கிராம், செய்கூலி சேதாரம் சேர்த்து" என்று பேசுவது நியாயம். தாலியையும், அம்மா கொடுத்ததென்று மனசில் வைத்திருக்கும் நகையையும் கொடுக்க வேண்டாம். எடைக்கு எடை திரும்பி வந்தாலும் அது திரும்பி வராது.

13. பிரெண்டு என் கிரெடிட் கார்டுல போன் வாங்கித் தரச் சொல்றான். மாசாமாசம் தர்றேங்கறான்.

கார்டில் பாக்கி நின்றால் பல பேங்குகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். அவன் ஒரு மாதம் தவறினால் உங்கள் பெயர் கெடும், அவன் பெயர் கெடாது. ஐந்தாம் கேள்வியில் உள்ள பதிலைச் சொல்லுங்கள். கட்டாயம் செய்யத்தான் வேண்டும் என்றால், போன் விலை முழுவதும் மூன்றாம் கேள்வியில் கண்ட உங்கள் "போனாலும் போகட்டும்" தொகைக்குள் இருக்கவேண்டும்.

14. தேதி தாண்டிடுச்சு, தரலை. கேட்கவே கூச்சமா இருக்கு.

கொடுத்தவர் கூசுகிறார், வாங்கியவர் ஒளிகிறார். இருவரும் ஒரே சங்கடத்தில்தான் இருக்கிறார்கள். சொன்ன தேதி தாண்டி ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். நாள் ஆக ஆகச் சொல் கனமாகும். தனியாக, போனில் அல்லது நேரில் கேளுங்கள். பேமிலி குரூப்பில் போடுவது, அவர் மாமனார் முன்னால் கேட்பது, மற்றவர்களிடம் சொல்லி அனுப்புவது இதெல்லாம் பணத்தையும் கொண்டுவராது, ஆளையும் கொண்டுவராது. "பத்தாம் தேதி தர்றேன்னீங்க அண்ணே, ஏதும் சிக்கலா? மொத்தமா முடியாட்டி மாசம் இரண்டாயிரமா குடுங்க" என்றால் போதும். சிக்கலைச் சொல்ல வாய் கிடைத்தால் பாதிப்பேர் தந்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை என்றால் உட்கார்ந்து முடிவெடுங்கள். வசூலிப்பதா, விடுவதா? வசூலிப்பதென்றால் ஒன்பதாம் கேள்வியில் சொன்ன மூன்று வருஷத்தை மறக்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். விடுவதென்றால் அவரிடமே சொல்லிவிடுங்கள்: "அந்தப் பணத்தை நான் விட்டுட்டேன், இனிமே கேட்க மாட்டேன். ஆனா இனிமே பணம் கொடுக்கல் வாங்கல் நமக்குள்ள வேண்டாம்." பிறகு அதைப் பற்றி மனைவியிடம்கூடப் பேசக்கூடாது. விட்டுவிட்டேன் என்று சொல்லி எல்லா விசேஷத்திலும் முணுமுணுப்பது விட்டது ஆகாது.

15. அம்மாவைப் பாத்துக்கறது எப்பவும் நான் மட்டும்தான். அண்ணன் வெளிநாடு, தங்கச்சி புருஷன் வீடு. இதுக்கும் கணக்குப் பாக்கணுமா?

அன்புக்குக் கணக்கு வேண்டாம், வேலைக்கு வேண்டும். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் எல்லார் மீதும் பொறுப்பு வைக்கிறது. பக்கத்தில் இருப்பவர்தான் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் மட்டும் நோட்டில் எழுதுங்கள். மாத்திரை எவ்வளவு, ஆட்டோ எத்தனை தடவை, டாக்டருக்காக எத்தனை நாள் லீவு, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள். குறைசொல்ல இல்லை, தெரியப்படுத்த. தூரத்தில் இருப்பவருக்கு "சுகர் மாத்திரை" என்றுதான் தெரியும், ராத்திரி இரண்டு மணிக்குச் சுகர் இறங்கி அம்மா வியர்த்துக் கிடந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது தெரியாது. அந்தத் தாளை மூவரும் இருக்கும் வீடியோ காலில் படியுங்கள். பிறகு கேளுங்கள்: பணம் யார், நேரம் யார். அண்ணன் மாதம் ஒரு தொகையும் பகல் நேர ஆளுக்கான சம்பளமும் அனுப்பலாம். தங்கை இரண்டாவது சனி, ஞாயிறு வந்து இருக்கலாம். அந்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டை விட்டு வெளியே போங்கள், சமையலறையில் நின்று மேற்பார்வை பார்க்காதீர்கள்.

உங்கள் உடம்பு கெட்டால் அம்மாவுக்கு ஆள் இல்லை. உங்களைப் பார்த்துக்கொள்வது அம்மாவுக்குச் செய்வதில் ஒரு பகுதிதான்.

16. தம்பி ஆன்லைன் சூதாட்டத்துல கடனாகிட்டான். "இந்த ஒரு தடவை அடைச்சுடு"ன்னு அழுறான். அப்பா அம்மாவும் கெஞ்சுறாங்க.

இந்தப் பக்கத்தில் மனசுக்கு மிகக் கடினமான கேள்வி இதுதான். அவன் அழுகை உண்மை. அடைத்துக் கொடுத்தால் மறுபடி விளையாட இடம் கிடைக்கும் என்பதும் உண்மை. பணத்தை அவன் கையிலோ கணக்கிலோ போடாதீர்கள். முதலில் கடன் பட்டியலை முழுவதும் எழுதச் சொல்லுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி. பட்டியலில் பாதியை மறைப்பான், ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்காரர்கள் மிரட்டினால் 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம். மிரட்டலுக்குப் பயந்து நீங்கள் புதுக் கடன் வாங்கி அடைக்க வேண்டாம்.

நீங்கள் அடைப்பதென்றால் உங்கள் எல்லைக்குள், கடன்காரருக்கே நேரடியாக, ரசீதோடு, அதுவும் சிகிச்சை ஆரம்பித்த பிறகு. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "செத்துடுவேன்" என்று சொன்னால் பயமுறுத்தல் என்று தள்ளாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பணத்துக்கு "முடியாது", ஆளுக்கு "நான் இருக்கேன்". இரண்டையும் ஒரே நாளில், ஒரே வாயால் சொல்லலாம். அப்பா அம்மாவிடமும் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவைக்கவேண்டும்.

17. கடன் வாங்கின பக்கம் நான் இருந்தா?

மேலே சொன்னதெல்லாம் திருப்பிப் போட்டால் உங்களுக்கும் பொருந்தும். கேட்கும்போதே எதற்கு, எப்போது, எந்த வரவிலிருந்து என்று நீங்களே சொல்லுங்கள். அவர் எழுதக் கேட்பதற்கு முன் புரோநோட்டை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அவருக்குக் கூச்சம் போகும். தேதிக்கு முடியாது என்று தெரிந்தால் மூன்று நாள் முன்னதாகப் போன் போடுங்கள், கையில் இருப்பதை அன்றே கொடுங்கள். 20,000-க்கு 5,000-தான் இருக்கிறது என்றால் 5,000 கொடுங்கள். ஒளிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

கொடுத்து முடித்த அன்று புரோநோட்டை அவரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். பின்பக்கம் "அசலும் வட்டியும் முழுவதும் வரவு, பைசல்" என்று தேதியோடு அவர் கையெழுத்து இருக்கட்டும். ஸ்டாம்பின் மேல் உள்ள உங்கள் கையெழுத்தைக் குறுக்கே அடித்து, பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட அவசரம் இல்லை.